எடையைக் குறைக்க நினைப்பது நானா, என்னைச் சுற்றியிருப்பவர்களா? (மலைக்காரர்கள் கொஞ்சம் வாருங்கள்)

வண்டிச்சோலை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். டயட் சார்ட் கேட்டு இந்த இழையைத் தொடங்கவில்லை. சார்ட் என்னிடம் ஒரு டிராயர் நிறைய இருக்கிறது. பேலியோ, சிறுதானியம், ஆறு மணிக்கு மேல் வாயைக் கட்டுவது எல்லாம் தெரியும். எனக்குத் தெரியாதது வேறு.

குன்னூரில் ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். வயது நாற்பது தாண்டியாயிற்று. இதுவரை எடை குறைத்ததெல்லாம் யாருக்காகவோதான். தங்கை கல்யாணத்துக்குப் பட்டு ரவிக்கை ஏறவில்லை என்று ஒரு தடவை. நாத்தனார் வீட்டு வளைகாப்பில் ஒரு பெரியம்மா எல்லார் முன்னாலும் "என்னடி, ரெண்டு சுத்து பெருத்துட்டே" என்று கேட்டதால் இன்னொரு தடவை. குறையாமல் இல்லை, குறைந்தது. விசேஷம் முடிந்து பந்தலைப் பிரித்தார்கள், காரணமும் அதோடு போய்விட்டது. எடை வீடு திரும்பிவிட்டது.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி வேறு. வருஷம் முழுக்க ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. உள்ளே என்ன நடக்கிறதென்று நமக்கே தெரியாது. மேட்டுப்பாளையம் இறங்கி ஸ்வெட்டரைக் கழற்றும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

இப்போது சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 6.1. பத்து கிலோ குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயந்தேன். அந்தப் பயம் ஒரு வாரம் தாங்கியது. நாலரை மணிக்குக் கேன்டீன் அக்கா டீயும் வர்க்கியும் (எங்கள் மலை ஊரின் மொறுமொறு பிஸ்கட்) கொண்டுவந்து வைக்கிற நேரத்தில் 6.1 ஞாபகத்துக்கே வருவதில்லை.

என் கேள்வி இதுதான். எடை குறைத்து, அதைத் திரும்ப ஏறவிடாமல் வைத்திருப்பவர்களே, உங்கள் காரணம் என்ன? தொடங்கும்போதே அது தெரிந்திருந்ததா?

---

கொண்டை_ஊசி

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காரணம் தேடிக்கொண்டே இருந்தால் அடுத்த ரத்தப் பரிசோதனை வந்துவிடும். வாயைக் கட்ட வேண்டும், காலை எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கோத்தகிரியில் வண்டி ஓட்டுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. ராத்திரி பரோட்டாவை நிறுத்தினேன், காலை ஐந்து மணிக்கு நடந்தேன், தொப்பை போயிற்று. மனசு வைத்தால் ஆகாதது இல்லை.

---

குந்தா_மழை

ஐந்து மணிக்கு நடந்தீர்களா? எந்தக் கோத்தகிரி அண்ணா அது? எங்கள் பக்கம் ஐந்து மணிக்குக் கரடிதான் நடை போகிறது. அதற்கு எடைப் பிரச்சினை இருப்பதாகத் தெரியவில்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யூட்யூபில் கோயம்புத்தூர் டிரெய்னர் சொல்கிற "அதிகாலை நடை" இங்கே பாதி நாள் நடக்காத காரியம். தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கும். டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி. ஜூனில் தொடங்கினால் எங்களுக்குத் தென்மேற்கு மழை விடாது, குன்னூர்க்காரர்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் ஐந்து மணி அலாரம் வைத்து, அணைத்துவிட்டுப் படுத்து, "எனக்கு மன உறுதி இல்லை" என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். நான் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நடக்கிறேன். வெளிச்சம் இருக்கும், ரோட்டில் ஆள் இருக்கும்.

---

நைட்_டியூட்டி

ஊட்டியில் நர்ஸாக இருக்கிறேன். வண்டிச்சோலை மா, முதலில் உங்கள் எண்ணைப் பார்ப்போம். 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. 6.5 தொட்டால்தான் நீரிழிவு. உங்களுக்கு இன்னும் வழி திறந்திருக்கிறது.

பத்து கிலோ என்று கேட்டதும் மலைத்துப் போக வேண்டாம். உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2002-ல் வந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது, இவைதான் இலக்கு. அந்த வழியில் போனவர்களிடம் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் 31 சதவீதம்தான். எண்பது கிலோ இருப்பவருக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ சொச்சம். இடுப்பையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதைத் தாண்டினால் எடை பார்க்கச் சுமாராக இருந்தாலும் கவனம் தேவை. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ-யும் நமக்கு 23-லேயே எச்சரிக்கை மணி அடித்துவிடும்.

அப்புறம் காரண விஷயம். வார்டில் நான் பார்க்கிற வரையில் பயத்தால் தொடங்குகிறவர்கள் மிக வேகமாகத் தொடங்குவார்கள். டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கு வீட்டில் சர்க்கரை டப்பாவையே தூக்கிப் போட்டவர் உண்டு. அடுத்த செக்கப்பில் ரிசல்ட் கொஞ்சம் நன்றாக வரும், பயம் குறையும், டப்பா திரும்ப வரும்.

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். டெசி, ரயன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்களின் குழு 1996-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் சொன்னதற்காகவும் குற்ற உணர்ச்சியாலும் வந்தவர்களைவிட, தனக்கே வேண்டும் என்று இருந்தவர்கள் ஒழுங்காக வந்தார்கள், கூடுதலாகக் குறைத்தார்கள், குறைத்ததைக் காப்பாற்றவும் செய்தார்கள். வளைகாப்புப் பெரியம்மா எந்தக் கட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நோட்டு போடுங்கள். என்ன சாப்பிட்டேன் என்று எழுதுவது எல்லாரும் செய்வது. நீங்கள் அதற்கு முந்தைய பத்து நிமிடத்தை எழுதுங்கள். எங்கே இருந்தேன், யாரோடு பேசினேன், நிஜமாகவே பசித்ததா? கலோரி கணக்கு வேண்டாம். யாரிடமும் காட்ட வேண்டாம், அப்போதுதான் பொய் வராது.

---

கொழுந்து_மகள்

"மனசு வைத்தால் ஆகாதது இல்லை" என்று எழுதிய அண்ணனுக்கு.

என் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை மேடும் பள்ளமும்தான். முதுகில் இலைச் சுமை. நீங்கள் காலையில் நடப்பதை அம்மா தேநீர் இடைவேளைக்கு முன்பே நடந்துவிடுவார். ஆனாலும் எடை கூடிக்கொண்டேதான் போனது. அவருக்கு மன உறுதி இல்லை என்று என் முன்னால் யாரும் சொல்ல முடியாது.

உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். விடியற்காலை ஒரு சர்க்கரை டீ, வேறு எதுவும் இல்லை. பத்து மணிக்கு இன்னொரு டீ. மதியம் தூக்குச் சட்டியில் கொண்டுபோன சோறு, அதுவும் நின்றபடி பாதி. வீட்டுக்கு வந்ததும் அடுப்பை மூட்டி, பிள்ளைகளைக் கவனித்து, எட்டரைக்குத் தட்டில் உட்காரும்போது பகல் முழுவதன் பசியும் சேர்ந்து உட்காரும். ரேஷன் அரிசிச் சோறு மலைபோல. "ராத்திரி மட்டும் வயிறு நிறையவே மாட்டேங்குது" என்பார்.

அம்மாவுக்கு எடை பற்றிக் கவலையே இல்லை. எங்கள் லைன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) இறங்கும் படிக்கட்டில் கால் வைக்கும்போது முழங்கால் வலிக்கிறது, அதுதான் அவர் பிரச்சினை. ஏறும்போதுகூடத் தாங்கிக்கொள்கிறார், இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்குவார். "எனக்கு மெலியவெல்லாம் வேண்டாம். இறங்கும்போது வலிக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். சரி, அதற்கு என்ன செய்யலாம் என்று பார்த்தோம். காலையில் டீயோடு இரண்டு முட்டை, அல்லது முந்தின நாள் வேகவைத்த கொண்டைக்கடலை. பத்து மணிக்கும் கையில் ஏதாவது. ராத்திரிச் சோற்றை நாங்கள் யாரும் குறைக்கச் சொல்லவில்லை. தானாகவே பாதியானது. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறார். எத்தனை கிலோ என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஆனால் சுவரைப் பிடிப்பதில்லை.

---

நைட்_டியூட்டி

கொழுந்து_மகள், அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை வைத்து 2005-ல் வந்த ஆய்வில், உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாகக் கண்டார்கள். கொஞ்சம் குறைந்தாலே படியில் தெரியும்.

பகல் பட்டினியும் ராத்திரிப் பசியும் பற்றி ஒன்று. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45-ல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் பாதியளவு சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் தாங்களாக முன்வந்தவர்கள், மன உறுதிக்குக் குறைவில்லாதவர்கள். கொஞ்ச நாளில் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. சமையல் புத்தகங்களை வாங்கி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்தபோது சிலருக்கு எவ்வளவு தின்றாலும் நிறையவில்லை. அது குணக்கேடு இல்லை, உடம்பு தன் பாக்கியைக் கேட்கிறது.

---

கொண்டை_ஊசி

தங்கச்சி, உங்கள் அம்மாவை நான் சொல்லவில்லை. உட்கார்ந்து தின்கிற என்னைப் போன்றவர்களைச் சொன்னேன்.

ஆனாலும் என் கட்சியை விடமாட்டேன். நீங்கள் எல்லாரும் முதலில் காரணம், பிறகு காரியம் என்கிறீர்கள். எனக்கு நடந்தது தலைகீழ். ஏன் தொடங்கினேன் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை, கூட ஓட்டுகிற பையன்கள் கிண்டல் செய்தார்கள். கொஞ்ச நாள் போனதும் ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடம் வந்தது. மதியம் சாப்பிட்டபின் தூக்கம் தள்ளவில்லை. பர்லியாறு வளைவுகளில் கண் சொக்காமல் ஓட்ட முடிகிறது. இப்போது கேட்டால் அதுதான் காரணம் என்பேன். தொடங்கும்போது இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து யோசித்திருந்தால் கிடைத்திருக்காது.

---

ஹட்டி_பொண்ணு

கொண்டை_ஊசி அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கரடி நேரத்தில் நடப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

எல்லாரும் முழங்கால், சர்க்கரை என்று கௌரவமான காரணமாகச் சொல்கிறீர்கள். என் காரணம் போட்டோ. குரூப் போட்டோவில் பின்வரிசையில் போய் ஒளிந்துகொள்ளாமல் நிற்க ஆசை. வெளியே சொன்னால் "இதெல்லாம் ஒரு காரணமா, ஆரோக்கியத்துக்காகச் செய்" என்பார்கள். ஆரோக்கியத்துக்காக என்று ரொம்ப நாள் சொல்லிப் பார்த்தேன், ஒரு கிராம் இறங்கவில்லை. அழகாக இருக்க ஆசை என்று எனக்கே ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலை நடந்தது. வண்டிச்சோலை அக்கா சொல்கிற "யாருக்காகவோ" என்பதும் இதுவும் ஒன்றில்லை. பெரியம்மா வாய்க்காக மெலிவது வேறு, கண்ணாடி முன்னால் எனக்கு வேண்டும் என்பது வேறு.

அப்புறம் என்னைப் பற்றி எனக்குத் தெரிந்த இன்னொன்று: எனக்கு ஒரு வர்க்கி என்பது கிடையாது. பாக்கெட்டைப் பிரித்தால் அடி தெரியும்வரைதான். மைதா, சர்க்கரை, கொழுப்பு, இவற்றை மடித்து மடித்து அடுக்கிச் சுட்டால் யார்தான் ஒன்றோடு நிறுத்துவார்கள்? 2023-ல் புவிசார் குறியீடு வேறு கொடுத்துவிட்டார்கள், இனி ஊர்ப் பெருமைக்காகவும் தின்ன வேண்டும்! அளவோடு சாப்பிடு என்பது என் அக்காவுக்குச் சரிப்படும். அவள் பாதி கடித்து மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போகிற ரகம். எனக்கு வீட்டுக்குள் வராமல் இருந்தால்தான் சரி. பேக்கரியில் நின்று ஒன்று வாங்கி அங்கேயே தின்றுவிடுவேன், பாக்கெட் வாங்குவதில்லை.

எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) விசேஷத்துக்குப் போய் "வேண்டாம்" என்றால் நடக்காது. எங்கள் ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்குக் கணக்கே பார்ப்பதில்லை, நன்றாகச் சாப்பிடுவேன். வருஷத்தில் விசேஷம் எத்தனை, சாதா நாள் எத்தனை? கெடுப்பது சாதா நாள்தான்.

---

ஏரிச்சுற்று

கொடைக்கானலிலிருந்து. எங்களுக்கு ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், சமதளம். தினமும் சுற்றுகிறேன், எடை நின்ற இடத்திலேயே நிற்கிறது. சுற்றி முடிக்கிற இடத்தில் ஒரு மிளகாய் பஜ்ஜிக் கடை. அந்தக் குளிரில் எண்ணெயிலிருந்து எடுக்கும்போது வரும் வாசனையை எழுதிக் காட்ட முடியாது. ஐந்து கிலோமீட்டருக்கு முந்நூறு கலோரி செலவானால் அதிகம். நாலு பஜ்ஜி அதைச் சுத்தமாகத் துடைத்துவிடும். நடந்ததால் பஜ்ஜியா, பஜ்ஜிக்காக நடையா என்று வீட்டில் கேட்கிறார்கள். இப்போது எதிர்த் திசையில் சுற்றி, வேறு இடத்தில் முடிக்கிறேன்.

---

வண்டிச்சோலை

இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. நோட்டு போட்டேன். ஆபீஸ் லெட்ஜர் தாளையே மடித்துத் தைத்தது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

முதலில் டீ. ஒரு நாளைக்கு ஐந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். பத்து ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. எங்கள் டீ மேக்கர் நாள் முழுக்க வரிசையாகக் கப் வைத்து ருசி பார்க்கிறவர். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, வாயில் சுழற்றித் துப்பிவிடுவார். ஒரே கூரைக்குக் கீழே நான் பத்து ஸ்பூன்!

நாலரை மணி வர்க்கிதான் ஆச்சரியம். பசியே இல்லாத நாளிலும் தின்றிருக்கிறேன். முந்தைய பத்து நிமிடத்தை எழுத ஆரம்பித்ததும் பிடிபட்டது. தேயிலை ஏலத்தில் விலை இறங்கிய மாதங்களில் சிறு விவசாயிகள் பச்சை இலைக்கு என்ன விலை போட்டீர்கள் என்று என் கவுன்ட்டரில் வந்து நிற்பார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். விலையை நிர்ணயிப்பது நானில்லை, பதில் சொல்வது மட்டும் நான். அவர்கள் போனதும் கை தானாகத் தட்டுக்குப் போகிறது. இலை வரத்தே இல்லாத, சண்டையும் இல்லாத நாட்களில் வர்க்கி அப்படியே கிடந்து நமத்துப் போயிருக்கிறது.

ராத்திரி இன்னொன்று. எல்லாரும் படுத்தபின் சமையலறையில் நின்றுகொண்டே மீந்த சப்பாத்தி, பிள்ளைகள் வைத்த மிச்சம், நேற்றைய கேக். நோட்டில் "பசித்ததா?" என்ற இடத்தில் எல்லா நாளும் "இல்லை". சரி, பிறகு எதற்கு? ஒரு நாள் எழுதும்போதே வந்தது: அந்தக் கால் மணி நேரம்தான் என்னை யாரும் கூப்பிடாத நேரம். சாப்பிடுவது அங்கே நிற்பதற்கு ஒரு சாக்கு. சும்மா நின்றால் "என்ன அங்கே?" என்று கேட்பார்கள், சாப்பிடுகிறேன் என்றால் விட்டுவிடுவார்கள்.

இதைத் தெரிந்துகொண்டதும் ஆசை நின்றுவிட்டதா என்றால் இல்லை. ஆனால் அந்த நேரத்தை வேறு இடத்தில் எடுத்துக்கொள்கிறேன். பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் முன்பே இறங்கி வீட்டுக்கு நடக்கிறேன், போன் பைக்குள். வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுகிறேன், குந்தா_மழை கவலைப்பட வேண்டாம். வீட்டில் "டாக்டர் சொன்னது" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு அது நடை இல்லை, அரைமணி நேர லீவு. எடை குறைவது அதற்கு வந்த போனஸ் என்றுகூடத் தோன்றுகிறது. பெரியம்மா, பட்டு ரவிக்கை, 6.1, எதற்காகவும் இப்படி ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு நடந்திருக்க மாட்டேன்.

ஒரு சந்தேகம். தினமும் எடை பார்க்கிறேன். ஒரு நாள் ஒரு கிலோ குறைகிறது, மறுநாள் ஏறிவிடுகிறது. மனசு விட்டுப் போகிறது. மழை நாளில் வரும் இலைக்கு நாங்கள் ஈரத்துக்கென்று கழித்துத்தான் எடை எழுதுவோம். உடம்புக்கும் அப்படி ஏதாவது கழிவு உண்டா?

---

நைட்_டியூட்டி

நல்ல கேள்வி, பதிலும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். உண்டு. உடம்பில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்த முதல் வாரத்தில் சடசடவென்று இறங்குவது பெரும்பாலும் அந்தத் தண்ணீர். ஊறுகாய், அப்பளம் என்று உப்பு கூடினாலும், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் ஏறும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஒரே ராத்திரியில் அவ்வளவு ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. வாரத்தில் ஒரே கிழமை, காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். வாரத்துக்கு அரை கிலோ இறங்கினாலே நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

தைராய்டு பார்த்தீர்களா? அதற்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை எடுத்துவிடுங்கள். அது சரியில்லாமல் இருந்தால் நோட்டு எழுதி மட்டும் பயன் இல்லை.

---

குந்தா_மழை

எடை குறைக்கப் புதிதாக வந்திருக்கிற வாரத்துக்கு ஒரு ஊசி பற்றி யாராவது சொல்லுங்களேன். சித்தப்பா போட்டுக்கொள்கிறேன் என்கிறார். காரணம், நோட்டு ஒன்றும் தேவையில்லையாம்.

---

நைட்_டியூட்டி

2025-ல் நம் நாட்டுக்கு வந்தவை. நன்றாகவே வேலை செய்கின்றன, தேவைப்படுகிறவர்களுக்கு வரம்தான். ஆனால் டாக்டர் பார்த்து எழுத வேண்டும், சித்தப்பா முடிவு செய்யக்கூடாது. அந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமாக்ளூடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. பசியை ஊசி அடக்கும். கவுன்ட்டரில் வந்து சண்டை போடுகிறவரை அடக்காது.

---

கொண்டை_ஊசி

சரி, நானும் அந்த முந்தைய பத்து நிமிடத்தை எழுதிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ராத்திரிப் பரோட்டா போய்விட்டது, ஆனால் டிரிப் முடிந்ததும் ஒரு பாக்கெட் மிக்சர் எப்படிக் காலியாகிறதென்று தெரியவில்லை. ஓட்டும்போது நோட்டு எப்படி எழுதுவது?

---

கொழுந்து_மகள்

வண்டியை நிறுத்தியதும் போனில் பேசிப் பதிவு செய்துவிடுங்கள் அண்ணா. எங்கள் அம்மாவுக்கு எழுத வராது, அவரும் அப்படித்தான் சொல்லி வைப்பார். மிக்சரைப் பிரிப்பதற்கு முன்னால் பேசுங்கள், வாயில் போட்டபிறகு இல்லை.